எட்டு மணி வரை நான் வாய் திறப்பதில்லை: நர்சிங் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் கற்றது

நான் பாடம் நடத்தும் நர்சிங் கல்லூரியின் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மருத்துவமனையில் மாலை ஷிஃப்ட் போஸ்டிங் நடந்துகொண்டிருந்தது. நான் கல்லூரி முடிந்து பூந்தமல்லி பேருந்தில் நின்றபடி வந்துகொண்டிருந்தேன். வகுப்புக் குழுவில் ஒரு குரல் பதிவு வந்திருந்தது, கூட்ட நெரிசலில் அதை 35 நிமிடம் கழித்துத்தான் கேட்டேன். "மேம், இங்க சிவப்பு மூடி இன்சுலின் சிரிஞ்ச் காலி. ஆரஞ்சு மூடிதான் இருக்கு. வயல் நாற்பது யூனிட். ஆர்டர் இருபது. அதுலயே இருபது கோடு வரைக்கும் இழுத்துக்கலாமா?"

அதன் கீழே இரண்டு பதில்கள். முதல் பதில்: "இருபதுன்னா இருபதுதானே, எடுடி." இரண்டாவது: "எடுக்காத. சிஸ்டரைக் கேளு. இப்பவே."

நர்சிங் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். வயல் என்றால் மருந்துக் குப்பி, ஆர்டர் என்றால் டாக்டர் எழுதிய அளவு. நம் ஊரில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் இரண்டு அடர்த்தியில் வருகிறது. ஒன்றில் ஒரு மில்லி லிட்டருக்கு 40 யூனிட், மற்றதில் 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு என்பது 0.2 மில்லி. 40 யூனிட் வயலிலிருந்து அந்த அளவு எடுத்தால் நோயாளிக்குப் போவது 8 யூனிட்தான். தலைகீழாக, 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 50 யூனிட், அதாவது இரண்டரை மடங்கு. சர்க்கரை சரிந்து நினைவு தப்பலாம், கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம்.

நல்லவேளை, அந்தப் பிள்ளை இரண்டாவது பதிலைக் கேட்டாள். வார்டு சிஸ்டர் பக்கத்து வார்டிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்ச் வாங்கி வந்து, கூடவே நின்று போட வைத்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் ஆசையாக வளர்த்த குழுவில், ஒரு நோயாளியின் ஊசி மருந்து அளவை இன்னொரு மாணவி எங்கோ உட்கார்ந்துகொண்டு தீர்மானிக்கும் நிலை வந்துவிட்டதே என்று இருந்தது.

மறுநாள் போட்ட விதிதான் எங்கள் குழுவின் முதல் விதி, இன்று வரை பின் செய்து மேலேயே வைத்திருக்கிறோம்: வார்டில் நிற்கும்போது சந்தேகம் வந்தால் சிஸ்டரைக் கேள், இல்லையென்றால் கூட வந்த டியூட்டரைக் கேள், குழுவில் கேட்காதே. வீட்டுக்கோ விடுதிக்கோ வந்த பிறகு அதே சந்தேகத்தைக் குழுவில் போடு, எல்லோரும் சேர்ந்து பிரித்துப் பார்க்கலாம். குழு வைத்து நடத்தும் ஆசிரியர்கள் வேறு எதை எடுத்துக்கொள்ளாவிட்டாலும் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, இந்தக் குழு எப்படி வந்தது என்று சொல்கிறேன். 2020 ஊரடங்கின்போது எல்லா கல்லூரியையும் போல நாங்களும் ஆரம்பித்ததுதான். ஊரடங்கு முடிந்த பிறகு அது அறிவிப்புப் பலகையாகிவிட்டது. ஒவ்வொரு புது பேட்ச்சுக்கும் ஒரு குழு, அதில் "நாளை முழு யூனிஃபார்ம்", "ப்ரொசீஜர் புக் கையெழுத்துக்குக் கொண்டு வரவும்" என்று நான் போடுவேன், கீழே 60 பேரும் வரிசையாக "ஓகே மேம்". பாடம் சம்பந்தமாக ஏதாவது போட்டாலும் அதே கதைதான். நான் கேள்வி கேட்டால் ஒருவரும் பேசமாட்டார்கள். நானே பதிலும் சொன்னால் "தேங்க்யூ மேம்" மட்டும் 60 முறை வரும்.

அதை மாற்றியது மிக்ஜாம் புயல். 2023 டிசம்பர் முதல் வாரம், சென்னையில் இருந்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. கல்லூரி மூடிக் கிடந்தது. இரண்டாம் ஆண்டில் இதயச் செயலிழப்பு பாடத்தைப் பாதியில் நிறுத்தியிருந்தேன். எங்கள் வீட்டில் மின்சாரம் இல்லை, சார்ஜ் போய்விடுமே என்று போனை அணைத்து வைத்திருந்தேன். ஒன்றரை நாள் கழித்து ஆன் செய்தபோது குழுவில் நூற்றுக்கும் மேல் செய்திகள். பெரும்பாலும் யார் வீட்டில் தண்ணீர், யாருக்குப் பால் பாக்கெட் வேண்டும் என்பவை. நடுவில், முடிச்சூரில் மாடிப்படியில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவி ஒரு குரல் பதிவு போட்டிருந்தாள். தருமபுரிப் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இங்கே அத்தை வீட்டில் தங்கிப் படிக்கும் பெண், வகுப்பில் ஒரு வருடமாக வாயே திறந்ததில்லை. தோழி ஒருத்தி, இடது பக்கச் செயலிழப்பு, வலது பக்கச் செயலிழப்பு வித்தியாசமே புரியவில்லை என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில் இது:

"எங்க தெருவுல தண்ணி இறைக்க மோட்டார் போட்டிருக்காங்கல்ல, இதயமும் அதே மாதிரிதான்டி. மோட்டார் சரியா இழுக்கலைன்னா தண்ணி முன்னாடி போகாது, பின்னாடி தேங்கும். இடது பக்க மோட்டாருக்குப் பின்னாடி இருக்கறது நுரையீரல். அதான் மூச்சு வாங்குது, படுத்தா இருமல் வருது. வலது பக்க மோட்டாருக்குப் பின்னாடி இருக்கறது உடம்பு. அதான் கால் வீங்குது, கல்லீரல் வீங்குது, கழுத்து நரம்பு புடைக்குது."

இதற்கு வகுப்பில் இருந்த சில பையன்களில் ஒருவன் கேட்டிருந்தான்: "அப்ப ஃப்ரூசமைட் போடறோமே, அது மோட்டாரைச் சரி பண்ணுதா, தேங்கின தண்ணியை வெளியேத்துதா?" இன்னொருத்தி: "தண்ணியைத்தான். சிறுநீரா போயிடும்." வேறொருத்தி: "தண்ணியோட பொட்டாசியமும் போகும், அதான் வார்டுல பொட்டாசியம் பார்க்கச் சொல்றாங்க." நான் இல்லாமலே பாடம் அதன் போக்கில் மருந்தியல் வரைக்கும் போயிருந்தது. இரண்டு மணி நேரம் பவர்பாயிண்ட் போட்டு ஆங்கிலத்தில் நடத்தியும் நான் கொண்டுபோய்ச் சேர்க்காத இடம் அது.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது இரண்டு. ஒன்று, நான் அங்கே இல்லாததால்தான் அவர்கள் பேசினார்கள். இரண்டு, தமிழில் பேசியதால்தான் அந்தப் பெண் பேசினாள். விழுப்புரம், திருவண்ணாமலை, அரியலூர் என்று எங்கெங்கிருந்தோ வரும் பிள்ளைகள் பாடத்தைப் புரிந்துகொள்ளாமல் இல்லை, புரிந்ததை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல் மௌனமாக இருக்கிறார்கள். நாம் அந்த மௌனத்துக்கு மதிப்பெண் குறைத்துக்கொண்டிருக்கிறோம். இதை எந்தக் கூட்டத்திலும் சொல்லத் தயாராக இருக்கிறேன்.

அதிலிருந்து பிறந்த முறை இது. 60 பேரையும் பத்துப் பத்தாக ஆறு அணியாகப் பிரித்தேன். வாரம் ஓர் அணி வார்டில் பார்த்த ஒரு நோயாளியைப் பற்றிப் பெயர், ஊர், தேதி எதுவும் இல்லாமல் எழுதி மூன்று கேள்விகளோடு போடும். இன்னொரு அணி பதில் சொல்லும், தமிழிலோ ஆங்கிலத்திலோ, எழுத்திலோ குரலிலோ. மூன்றாவது அணியின் வேலை சரிபார்ப்பது, எந்தப் புத்தகம், எத்தனையாவது பதிப்பு, எந்தப் பக்கம் என்று போட வேண்டும். மீதி அணிகள் எங்கே வேண்டுமானாலும் குறுக்கிடலாம். நேரம் மாலை ஆறரையிலிருந்து எட்டு. எட்டு மணி வரை நான் ஒரு வார்த்தை எழுதுவதில்லை. தவறான பதில் வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருப்பேன், ஏனென்றால் பெரும்பாலும் ஏழே முக்காலுக்குள் யாராவது பிடித்துவிடுகிறார்கள். ஒரு மேடம் திருத்துவதைவிடத் தோழி திருத்துவது மனதில் நிற்கிறது. எட்டு மணிக்கு நான் வந்து எது சரி, எது தவறு, எது இன்னும் பாதி என்று சொல்வேன். அதை மட்டும் தவறாமல் செய்துவிட வேண்டும். தவறான பதில் திருத்தப்படாமல் குழுவில் கிடந்தால் அதைத்தான் பரீட்சைக்கு முந்தின இரவு ஒருத்தி தேடி எடுத்துப் படிப்பாள்.

இன்சுலின் விஷயமும் மறுநாள் மாலை இப்படித்தான் பாடமாயிற்று. "இருபதுன்னா இருபதுதானே" என்று எழுதிய பெண்ணே கணக்குப் போட்டு 8 யூனிட் என்று நிரூபித்தாள். யாரும் அவளைக் கேலி செய்யவில்லை, நானும் முன்கூட்டியே தனியாகப் பேசியிருந்தேன். அப்புறம் நரம்பு வழி ஏற்றும் டிரிப்பின் சொட்டுக் கணக்கிற்குப் போனார்கள். 500 மில்லி, 8 மணி நேரம், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 21. அதே 15 சொட்டு செட் என்றால்? 16. "செட் கவரைப் பார்க்காமலே எல்லாரும் மனப்பாடமா ஒரு ஃபார்முலா போடறோம் மேம்" என்று ஒருத்தி எழுதினாள். அடுத்த வாரம் வார்டில் எல்லோரும் ஐவி செட் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

இனி எல்லாவற்றையும்விடக் கனமான விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு மாணவி படுக்கைப் புண் ஒன்றைப் போனில் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட்டாள். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. "மேம், இது ஸ்டேஜ் மூணா நாலா?" என்று கேட்டிருந்தாள். நல்ல கேள்வி. ஆனால் படத்தின் ஓரத்தில் கேஸ் ஷீட், அதில் ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்) தெளிவாகத் தெரிகிறது. பின்னால் அடுத்த கட்டிலில் ஒரு பாட்டியின் முகம். பத்து நிமிடத்தில் நீக்கச் சொல்லிவிட்டேன், எல்லோருக்கும் அழிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. பல போன்களில் வாட்ஸ்அப் படங்கள் தானாகவே கேலரியில் சேமிப்பாகும், அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்கும் போகும். குழுவில் நீக்கினால் இவை எல்லாவற்றிலிருந்தும் போய்விடும் என்று நம்பி இருக்க முடியாது. அன்று மாலை 60 பேரையும் உட்கார வைத்து ஒவ்வொரு போனாகப் பார்த்து அழித்தோம். பதினேழு போன்களில் இருந்தது.

மறுநாள் அந்த மாணவியும் நானும் புண் இருந்த அந்த அம்மாவின் கட்டிலுக்குப் போனோம். மகள் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் கத்தவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கம்மா உடம்பு எத்தனை பேரு போன்ல இருந்துச்சு சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டார். பதினேழு என்றேன். அந்த மாணவி வார்டுக்கு வெளியே வந்து அழுதாள், நானும்தான்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, ஒருவரின் தகவலைக் கையாள அவரது ஒப்புதல் வேண்டும் என்றெல்லாம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், பிள்ளைகளும் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்கள். ஆனால் அந்த மகளின் கேள்வியை நான் வகுப்பில் சொன்ன நாளில்தான் விஷயம் உள்ளே இறங்கியது. அதன் பிறகு ஒவ்வொரு புது பேட்ச்சுக்கும் முதல் நாள் அதைச் சொல்கிறேன்.

இப்போது எங்கள் விதி: வார்டில் போன் பைக்குள். எந்தப் படமும் கிடையாது, நோயாளியே சம்மதித்தாலும் கிடையாது, ஏனென்றால் வெள்ளை உடுப்பைப் பார்த்துச் சரி என்று தலையாட்டுகிறவரின் சம்மதத்தை ஒரு மாணவி வாங்குவது நியாயமில்லை. எக்ஸ்ரே, ரிப்போர்ட், மருந்துச் சீட்டுக்கும் இதே விதி. படத்துக்குப் பதில் வரைந்து போட வேண்டும்.

இந்த வரைதல் ஒரு தண்டனை போலத்தான் ஆரம்பித்தது, அது இவ்வளவு நல்ல பாடமாகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. புண்ணை வரைய வேண்டுமென்றால் அதை உண்மையிலேயே பார்க்க வேண்டும். நீளம் எத்தனை சென்டிமீட்டர், அகலம் எத்தனை, ஆழம் எத்தனை, விளிம்பு எப்படி இருக்கிறது, அடியில் தெரிவது மஞ்சள் கொழுப்பா, சதையா, எலும்பா, சுற்றியுள்ள தோல் சிவந்து சூடாக இருக்கிறதா, கசிவுக்கு வாடை உண்டா. படம் எடுத்தவள் மூணா நாலா என்று என்னைக் கேட்டாள். வரைந்தவர்களுக்குக் கேட்க வேண்டியே இருக்கவில்லை. கொழுப்பு வரை தெரிந்தால் மூன்று, சதையோ எலும்போ தெரிந்தால் நான்கு என்பது வரையும்போதே தெரிந்துவிடுகிறது. ஏதாவது மூடிக் கிடந்து அடி தெரியவில்லை என்றால் எண் போடக்கூடாது என்பதையும் ஒருத்தி வரைந்து முடித்துவிட்டுத்தான் கேட்டாள்: "மேம், மேல கருப்பா காய்ஞ்சு கிடக்கு, ஆழம் தெரியலையே, நான் எப்படி நம்பர் போடறது?" அதுதான் சரியான கேள்வி. இந்த நோட்டுப் படங்களை நோயாளியின் அடையாளம் எதுவும் இல்லாமல் குழுவில் போடுகிறார்கள், மற்றவர்கள் அதை வைத்து டிரெஸ்ஸிங் திட்டம் எழுதுகிறார்கள்.

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். "எண்ணூர்ப் பக்கம் மீனவக் குடும்பம், 19 வயது, மூன்றாவது பிரசவம், நேற்று இரவு வந்தார்" என்று எழுதினால் பெயர் எதற்கு? அந்தத் தெருவிலிருந்து வரும் பிள்ளை ஒன்று எங்கள் வகுப்பிலேயே இருக்கிறது. பாடத்துக்குத் தேவையில்லாத எந்த விவரத்தையும் எழுதக்கூடாது, தேவைப்படுவதையும் கொஞ்சம் மாற்றி எழுதலாம்.

வீடியோக்கள். யூடியூபில் நர்சிங் பாடத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் எது எந்த வருடத்து வழிகாட்டுதல் என்று யாரும் பார்ப்பதில்லை. மகப்பேறு செமஸ்டரில் இது பெரிய சண்டையே ஆனது. ஓர் அணி பகிர்ந்த வீடியோவில் கருப்பை வாய் 4 சென்டிமீட்டர் திறந்ததும் பார்ட்டோகிராஃப் (பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று குறிக்கும் படிவம்) தொடங்க வேண்டும் என்று இருந்தது. சரிபார்க்கும் அணி, உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட லேபர் கேர் கைட் என்ற புதிய படிவத்தில் 5 சென்டிமீட்டர் என்று இருக்கிறதே என்றது. இரு தரப்பும் சரிதான், ஆளுக்கொரு காலத்தைச் சொல்கிறார்கள். "அப்ப பரீட்சையில எதை எழுதறது மேம்?" என்று உடனே வந்துவிட்டது. எந்தப் படிவம், எந்த வருடம் என்று சேர்த்தே எழுதுங்கள், வார்டில் அங்கே எந்தப் படிவம் வைத்திருக்கிறார்களோ அதை நிரப்புங்கள் என்றேன். இப்போது வீடியோ போடுகிறவர் அது எந்த வருடத்தது, எந்த வழிகாட்டுதலைச் சொல்கிறது, தான் அதில் கற்றது என்ன என்று மூன்று வரி சேர்த்துப் போட வேண்டும். மூன்று வரி எழுத முடியாத வீடியோக்கள் தானாகவே குறைந்துவிட்டன.

மதிப்பெண் விஷயத்தில் நான் ஒரு தவறு செய்தேன். முதல் செமஸ்டரில், எத்தனை பதில் போட்டார்கள் என்று எண்ணி இன்டர்னலில் சேர்த்தேன். ஒரே வாரத்தில் குழு முழுக்க இணையத்திலிருந்து வெட்டி ஒட்டிய பத்திகள். அதைவிட மோசம், ஒரு பெண்ணுக்குச் சொந்தமாகப் போனே இல்லை, அப்பாவின் போனில் அவர் ஆட்டோ ஓட்டி முடித்து வந்த பிறகு ஒன்பது மணிக்குத்தான் பார்ப்பாள் என்பது மதிப்பெண் போடும்போதுதான் தெரிந்தது. அன்றே அதை எடுத்துவிட்டேன். இப்போது குழுவில் பேசுவதற்கு மதிப்பெண் கிடையாது. அணியாகச் சேர்ந்து கூகுள் டாக்ஸில் எழுதும் கேர் பிளானுக்கு (நோயாளிப் பராமரிப்புத் திட்டம்) மட்டும்தான் உண்டு, அதில் யார் எதை எழுதினார்கள், எப்போது திருத்தினார்கள் என்பது அதன் திருத்த வரலாற்றில் தெரியும். போன் இல்லாதவர் கல்லூரிக் கணினியில் எழுதலாம், ஒரு வாரம் அவகாசம்.

விடுதியோடு பேச வேண்டியிருந்தது. எட்டு மணிக்குப் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். வார்டன் மேடத்துக்கும் அவர் நியாயம் இருக்கிறது, பெற்றோர் அவரை நம்பித்தான் பிள்ளைகளை விட்டிருக்கிறார்கள். சண்டை போடாமல், எங்கள் நேரத்தையே எட்டுக்குள் முடியும்படி வைத்துக்கொண்டோம். நான் திருத்திப் போடுவதை விடுதிப் பிள்ளைகள் மறுநாள் காலை பார்த்துக்கொள்வார்கள். இரண்டு வாரம் அவரையும் குழுவில் சேர்த்தோம். வலிப்பு நோய் பற்றிய பேச்சைப் படித்துவிட்டு அவரே கிளம்பிவிட்டார்.

மதுரையில் என்னோடு படித்த தோழி ஒருத்தி டியூட்டராக இருக்கிறாள். அவள் வகுப்பையும் சேர்த்து நடத்திப் பார்த்தோம். முதல் மாதமே எங்கள் பெண் ஒருத்திக்குத் தெரியாத எண்ணிலிருந்து இரவில் "ஹாய்" வர ஆரம்பித்தது. ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருந்தால் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும் என்பதை நாங்கள் யோசித்திருக்கவில்லை. இரு கல்லூரி சேரும் வேலையை எல்லாம் டெலிகிராமுக்கு மாற்றினோம், அங்கே எண்ணை மறைத்துவைக்கலாம். அதில் வினாடி வினா போடும் வசதியும் இருக்கிறது. யார் என்ன பதில் சொன்னார்கள் என்று தெரியாதபடி வைத்தால் கூச்சமுள்ள பிள்ளைகளும் விடை சொல்கிறார்கள். எத்தனை பேர் தவறான விடையைத் தொட்டார்கள் என்று பார்த்துவிட்டு மறுநாள் வகுப்பை எங்கே தொடங்குவது என்று தீர்மானிக்கிறேன்.

செமஸ்டர் முடிந்ததும் குழுவைக் கலைத்துவிடுகிறோம். அதற்கு முன், எந்தக் குரல் பதிவுகளை அடுத்த பேட்ச்சுக்கு வைப்பது என்று பிள்ளைகளே தேர்ந்தெடுப்பார்கள், நான் ஒவ்வொன்றையும் கேட்டு, பாடத்தில் பிழை இல்லை, நோயாளி யாரும் அடையாளம் தெரியவில்லை என்று உறுதி செய்த பிறகே கோப்புறையில் ஏறும். இப்போது 41 பதிவுகள் இருக்கின்றன. திருவள்ளூர், அரக்கோணம் பக்கமிருந்து வரும் முதல் ஆண்டுப் பிள்ளைகள் காலை லோக்கல் ரயிலில் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள். முடிச்சூர்ப் பதிவில் பின்னால் யாரோ "மோட்டாரை ஆஃப் பண்ணுப்பா" என்று கத்துவதும் கேட்கும். அதை வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் மேம் என்றுவிட்டார்கள்.